கிழட்டு ஈக்களுக்குச் சமைத்த கோடை

குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கல்யாண மண்டபத்தில் சமையல் மாஸ்டரோடு சண்டை. முதல் பந்தி முடிந்ததும் கரண்டியை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியதிலிருந்து இப்படித்தான். எங்கேயும் நிலைத்ததில்லை.

டீக்கடையில் பக்கத்தில் நின்றவர் ஒரு கல்லூரியில் அட்டெண்டர். பேச்சுவாக்கில் கேட்டார்.

"சமையல் தெரியும்னா எங்க டிபார்ட்மென்ட்டுக்கு வர்றியா? ரெண்டு மாச வேலை."

"எத்தனை பேருக்கு?"

"ஆளுங்களுக்கு இல்லப்பா. ஈக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கோடை லீவில் பி.எஸ்சி. பிள்ளைகள் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பேராசிரியரின் கீழ் இரண்டு மாதம் ஆராய்ச்சி செய்ய விடுகிறார்கள். பரீட்சை கிடையாது. கடைசியில் எல்லார் முன்னாலும் நின்று, என்ன கண்டோம் என்று பேச வேண்டும். பள்ளிக்கரணையில் வேறொரு கல்லூரியிலிருந்து வந்த ஜெனிபருக்குக் கிடைத்தது ஈ. வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. வெல்லம் குறைத்த சாப்பாட்டில் அது அதிக நாள் வாழுமா என்பது அவள் கேள்வி. மக்காச்சோள மாவு, வெல்லம், ஈஸ்ட், கடல்பாசி. இரண்டு பாத்திரத்தில் இரண்டு விதமாகக் காய்ச்சி பாட்டிலில் ஊற்றுவது என் வேலை. அறையில் ஏ.சி. இரவும் பகலும் ஓட வேண்டும். சூடு ஏறினால் ஈ தாங்காது.

"நல்லா வந்தா சார் சிபாரிசு லெட்டர் தருவாருண்ணா. அது இருந்தாதான் அடுத்த சம்மர் பெரிய இன்ஸ்டிட்யூட்ல எடுப்பாங்க" என்பாள். தினமும் செத்ததை எண்ணுவாள். உயிரோடு இருப்பவை கிழடாகிக்கொண்டே வந்தன. நானும் அலுத்துப்போயிருந்தேன். மாவு, வெல்லம், கழுவு, மறுபடி மாவு.

முடிய ஒரு வாரம் இருக்கும்போது டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஜெனரேட்டர் ஆபீஸ் கட்டடத்துக்கு மட்டும்தான். சார் வெளியூரில். அக்னி நட்சத்திர வெயிலில் அறை அடுப்பாகிவிட்டது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கரன்ட் இருந்தது. அங்கே ஏ.சி. ஓடும் ஒரு ஏ.டி.எம். பாட்டில்களைத் தட்டுகளில் அடுக்கி இருவரும் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

வாசலில் செக்யூரிட்டி மறித்தார். "இன்னாம்மா இது, ஈயா? வூட்ல கீறது பத்தலன்னு பாட்டில்ல வேற வளக்கறியா?"

"ப்ளீஸ்ணா, கரன்ட் வர்ற வரைக்கும். இது என் படிப்பு."

"படிப்பா? நல்ல படிப்பு. சரி, மூலைல வை. ஒண்ணு வெளிய வந்துச்சு, நான் பேஜாராய்டுவேன்."

பணம் எடுக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மதியம் வரை சமாளித்தோம். பிறகு மிஷினில் பணம் நிரப்பும் வண்டி துப்பாக்கிக்காரரோடு வந்தது. எல்லாரும் வெளியே. ஈயும் வெளியே. என் துண்டை நனைத்துப் பாட்டில்கள் மேல் போட்டோம். துண்டு காய்ந்தது, அவர்கள் முடிக்கவில்லை. உள்ளே திரும்பியபோது பாதிக்கு மேல் மல்லாந்து கிடந்தன.

ஜெனிபர் அழவில்லை. எண்ண ஆரம்பித்தாள்.

"இதைச் சார்கிட்ட சொல்லாதம்மா. சாம்பார் அடிப்பிடிச்சா மேலாக வேற பாத்திரத்துக்கு மாத்திருவோம். பந்தில யாருக்கும் தெரியாது" என்றேன்.

"சாப்பிடறவங்களுக்கு வாசனை தெரியும்ணா. மரியாதைக்குச் சும்மா இருப்பாங்க."

சார் வந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் திட்டவில்லை. "வெல்லத்தால செத்துச்சா, வெயிலால செத்துச்சா? உன்னால சொல்ல முடியாதேம்மா. இந்த ஈக்களை வச்சு முடிவு எதுவும் எழுத முடியாது" என்றார். கடைசி நாள் மற்றவர்கள் கலர் கலராகப் படம் போட்டுப் பேசினார்கள். இவள் ஏ.டி.எம். கதையைச் சொன்னாள். அரங்கம் சிரித்தது. அவளுக்கு முடிவு இல்லை, லெட்டரும் இல்லை.

வெளியே வந்து சாரிடம் மறுபடி செய்யலாமா என்று கேட்டாள்.

"ரூம் தர்றேன், ஈயும் தர்றேன். முடிச்சுக் காட்டு, லெட்டர் எழுதறேன். ஆனா புரோகிராம் முடிஞ்சிருச்சு. சமைக்க ஆள் போட முடியாது."

"நானே காய்ச்சிக்கறேன் சார்" என்றாள். ஒரு தடவை காய்ச்சிக் கருக்கியவள். வகுப்பு முடிந்து பஸ் பிடித்து இங்கே வந்து, எண்ணவே நேரம் பத்தாது. என்னைப் பார்த்தாள், கேட்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கோவளம் பக்கம் ஹோட்டல் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

இளைஞர்களே, ஆராய்ச்சி பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கெட்டுப்போனதைக் கெட்டுப்போனது என்று சொல்ல வேண்டும். பிறகு முதலிலிருந்து காய்ச்ச வேண்டும். இரண்டாவதுதான் அலுப்பு. அதற்கு ஆள் கிடைப்பதில்லை.

மறுநாள் காலை அதே கல்லூரி கேன்டீனில் பூரி போடும் வேலைக்குச் சேர்ந்தேன். மண்டபத்தைவிடச் சம்பளம் குறைவு. டிபன் முடிந்த பிறகு ஒரு அடுப்பு எனக்கு வேண்டும் என்று மட்டும் முதலாளியிடம் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன்.

"ஈக்கா?" என்றார்.