பறவைக் கூட்டமும் ஏழாம் நம்பர் பிராக்கெட்டும்

1. பூஜைக்குப் பெயிண்ட்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸுக்கு நான் பொறுப்பு. ஆயுத பூஜை வந்தால் எங்களுக்குக் கை துறுதுறுக்கும். நகராமல் நிற்கிற எதற்கும் பெயிண்ட் அடிப்போம். அந்த வருடம், தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் கிரேன் ஓடும் இரும்பு உத்தரத்துக்கும், அதைத் தூணோடு தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட்டுகளுக்கும் மஞ்சள் பெயிண்ட். அதன் மேல் சந்தனம், குங்குமம். உத்தரவு போட்டவன் நான்தான்.

அதற்கு முன்பே கிரேன் ஆபரேட்டர் பாண்டி இரண்டு முறை என்னிடம் வந்திருந்தார். தென்காசிக்காரர், குன்றத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஏழாம் தூணைத் தாண்டும்போது கேபினில் 'டொக்' என்று ஒரு தட்டு தெரிகிறது என்றார், ஆபரேட்டர் ரிஜிஸ்டரிலும் எழுதினார். தண்டவாள ஜாயிண்ட் சத்தம், கவலை வேண்டாம் என்று அதன் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலே ஏறிப் பார்க்கவில்லை. முட்டிவலி என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் சோம்பல்.

2. லேப்டாப்பில் பறவைகள்

கட்டுமானம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க ஹெட் ஆபீஸ் ஜெசிந்தா மேடம் என்ற இன்ஜினியரை அனுப்பியது. பூஜை விடுமுறையில் மெஷின்கள் ஓடாது என்பதால் அன்றைக்கே வந்து, உத்தரம் நெடுகச் சென்சார் ஒட்டி, சுத்தியலால் தட்டித் தட்டி அதிர்வைப் பதிவு செய்தார். பிறகு லேப்டாப்பில் நாற்பது பறவைகள் கொண்ட ஒரு கூட்டத்தைப் பறக்க விட்டிருப்பதாகச் சொன்னார். குடித்துக்கொண்டிருந்த டீ எனக்குப் புரை ஏறியது.

அவர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு பறவையும் ஒரு ஊகம். இந்த இடத்தில் இவ்வளவு பலம் குறைந்திருக்கிறது என்பது அது சொல்லும் சேதி. அப்படிக் குறைந்தால் உத்தரம் எப்படி அதிரும் என்று கணினி கணக்குப் போட்டு, நாம் அளந்ததோடு ஒப்பிடும். எந்தப் பறவையின் கணக்கு ஒத்துப்போகிறதோ, அதன் பக்கம் மற்றவை சாயும். எறும்பு, ஓநாய் பெயரிலும் இப்படிக் கணக்கு முறைகள் உண்டாம். கிளி ஜோசியக்காரனே ஒரு கிளியை வைத்துச் சமாளிக்கிறான், உங்களுக்கு நாற்பது வேண்டுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

கூட்டம் ஏழாம் பிராக்கெட்டில் போய் இறங்கியது. தொடக்க ஊகங்கள் குருட்டாம்போக்கில் வருபவை என்பதால் மறுபடி மறுபடி ஓட்டினார். எல்லா முறையும் அதே இடம். நான் போய் ரிஜிஸ்டரை எடுத்து வந்தேன்.

3. மீட்டிங்

பிளான்ட் மேனேஜர் போனில் எடுத்த படத்தைக் காட்டினார். ஏழாம் பிராக்கெட் மஞ்சளும் குங்குமமுமாக மங்களகரமாக இருந்தது.

"பட்சி சொல்லுதுன்னு நாளைக்கு லைனை நிறுத்த முடியுமா மேடம்? எவ்ளோ பளபளன்னு இருக்கு, பாருங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆபரேட்டர் யாராச்சும் கம்ப்ளெயின்ட் குடுத்தாங்களா?"

ரிஜிஸ்டர் என் மடியில்தான் இருந்தது. தகட்டை அழுத்தும் இருபது டன் இரும்பு அச்சு, நாங்கள் டை என்போம், கிரேனில் தொங்கி அந்த வழியாகத்தான் போகும். மேலே பாண்டி, கீழே ஒரு ஷிப்டு ஆட்கள். அப்படியிருந்தும் இல்லை என்று சொல்லத்தான் என் வாய் வந்தது. வாயை நம்பாமல் ரிஜிஸ்டரைப் பிரித்து மேஜையில் வைத்தேன். மேனேஜர் என் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மறுநாள் கிரேன் ஓடவில்லை.

4. ஒரு ஜாண்

மணிமங்கலத்திலிருந்து வரும் எங்கள் வெல்டர் ஏழுமலை, மேலே ஏறிப் பெயிண்டைச் சுரண்டினார். சிவப்பு மருந்து தடவித் துடைத்து, வெள்ளை ஸ்ப்ரே அடித்தார். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சிவப்பு, வெள்ளையில் கோடாகக் கசியும்.

"சார், ஒரு ஜாண் கீது," என்றார்.

நான் ஏறினேன், முட்டியோடுதான். குங்குமப் பொட்டு இருந்த இடத்துக்கு நேர் கீழே வெல்டு விட்டிருந்தது. விரிசலைப் பெயிண்ட் அடித்து மூடி, அதற்குக் கற்பூரமும் காட்டியிருக்கிறேன்.

பாண்டி எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"நான் ரெண்டு மாசமா சொல்லுதேன் சார். குருவி சொன்னாத்தான் கேப்பிய, என்ன?"

வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அவர் எதற்குச் சொல்ல வேண்டும்?

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பறவை, எறும்பு, ஓநாய், எதை வேண்டுமானாலும் ஓட்டுங்கள், நல்ல வித்தைதான். வெல்டைச் சோதிக்காமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஆபரேட்டர் ரிஜிஸ்டரைப் படியுங்கள். பறவைகள் தேடிக் கண்டுபிடிக்கப் போவது அதில் ஏற்கெனவே எழுதியிருக்கலாம். பக்கத்தில் என்னைப் போல் ஒருவனின் கையெழுத்தும் இருக்கும்.