அத்தானுக்கு வாங்கிக் கொடுத்த லொறி

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன், கையில் வைத்து விளையாடும் கேம் பெட்டிகளுக்குள் மூளையாக இருக்கும் புரொசசர் என்ற செயலிகளைப் பற்றி மாதக்கணக்கில் படித்தான்; படித்து முடித்துப் பிழையானதையே வாங்கினான். அந்த அறிவாளி நான்தான். எந்த நாவலையும் இவ்வளவு அடிக்கோடிட்டு வாசித்ததில்லை.

பெட்டி என் அக்காவின் கணவருக்கு. மன்னாரிலிருந்து கொழும்புக்குக் கருவாட்டு லொறி ஓட்டிய அத்தான், சிறுநீரகம் பழுதாகி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடந்தார். குழாய் கழுத்தில் என்பதால் கைகள் இரண்டும் சும்மா இருந்தன. முன்பொருநாள் என் கணினியில் லொறி ஓட்டும் விளையாட்டொன்றைக் காட்டியபோது, "நல்லாத்தான் செய்திருக்கிறாங்கள்" என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது. மனிதர் கண்மூடுவதற்குள் அவரை ஒருமுறையாவது றோட்டில் இறக்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

கடையில் இரண்டு வகை இருந்தன. கணினிச் செயலி உள்ளதில் அந்த விளையாட்டு அப்படியே ஓடும். ஆனால் சூடாகும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். கைத்தொலைபேசிச் செயலி உள்ளது குளிர்ந்து கிடக்கும், சார்ஜும் நெடுநேரம் நிற்கும். கட்டிலருகே பிளக் எல்லாம் இயந்திரங்களுக்கு என்பதால் இரண்டாவதை எடுத்தேன். கணினிக்கென எழுதிய விளையாட்டின் பாஷை அந்தச் செயலிக்கு விளங்காது என்பதும் தெரியும். நடுவில் மொழிபெயர்க்க ஒரு மென்பொருள் உண்டு என்றார்கள். சிங்களக் கடிதத்தை அரசாங்கக் கந்தோரில் வரிவரியாகத் தமிழில் சொல்லக் கேட்டவன் அதை நம்பியிருக்கக் கூடாது.

லொறி விக்கி விக்கி ஓடியது. திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. மரங்கள் கடந்துபோன பிறகு முளைத்தன. நான் கட்டிலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு படத்தின் தரத்தைக் குறைத்தேன், நிழல்களை அகற்றினேன், கடைசியில் மழையையும் நிறுத்தினேன்.

"இப்ப எப்பிடி அத்தான்?"

"பறவாயில்லை. மன்னாரிலை மாதிரிக் கழுதையள் குறுக்கை வராத றோட்டு."

"கொஞ்சம் இழுக்குதோ?"

"லொறியெண்டா இழுக்கும்தானே. நீ கொஞ்சம் சும்மா இரு தம்பி, களைச்சுப்போனாய்."

பக்கத்துக் கட்டில்காரர், "அதிலை காட்ஸ் இல்லையோ?" என்று கேட்டார். சீட்டாட்டமும் இருந்தது, அது ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடும். அத்தானும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். இவ்வளவு படித்தது காட்ஸ் போடுவதற்கா என்று நான் மறுபடி லொறியைத் திருத்தத் தொடங்கினேன். நாளாக ஆக அவருடைய விரல்கள் வீங்கின. வண்டி பல நேரம் றோட்டோரத்திலேயே நின்றது. அதற்கும் செயலியைத்தான் குற்றம் சொன்னேன்.

கணினிச் செயலி உள்ளதையும் ஓடர் பண்ணினேன். அது கொழும்பு பஸ்ஸில் வந்துகொண்டிருந்த காலையில் அத்தான் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஆட்கள் கலைந்தபின், கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் மனதில் கிடந்ததைச் சொன்னேன்.

"முதலே மற்றதை வாங்கியிருந்தா, அத்தான் ஆசைதீர ஓடியிருப்பார் அக்கா."

அக்கா நிமிரவில்லை.

"அவருக்கு லொறி எண்டாலே பிடிக்காது தம்பி. எங்களுக்காக ஆயுசு முழுக்க ஓடினவர். இனி ஓடத் தேவையில்லை எண்டு படுத்தா, நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திட்டாய்."