துடைத்து வைத்த ஏழு பெட்டிகள்

பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில், உப்பங்கழி ஓரம், அருள்மொழியும் அவள் கணவனும் குத்தகைக்கு எடுத்த இறால் குட்டை இருக்கிறது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்றாலும், குட்டைத் தண்ணீர் விஷயத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. தினமும் காலையில் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று கருவியில் பார்ப்பாள். பார்த்த கையோடு கருவியின் கண்ணாடியை நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துத்தான் உறையில் வைப்பாள். துடைக்காவிட்டால் உப்பு பூத்துவிடும், மறுநாள் கருவி பொய் சொல்லும். பார்த்ததையும் செய்ததையும் மணி, நிமிடம் போட்டு நோட்டில் எழுதிவைப்பாள்.

அந்தக் குட்டையில்தான் தங்கை இலக்கியா பன்னிரண்டு சிறு பெட்டிகளை மிதக்கவிட்டாள். சிதம்பரத்தில் ஆராய்ச்சி செய்கிறவள் அவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் நகத்தளவு தகடு. அதன்மேல் தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய பூச்சு. இறாலைக் கொல்லும் அம்மோனியா தண்ணீரில் கூடினால், அந்தப் பூச்சுக்கு முதலில் தெரிந்துவிடும்.

பெட்டிகளுக்குக் கரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. பக்கத்துப் பெட்டியை மட்டும்தான் தெரியும். பஸ் கண்டக்டர் கையில் பார்சல் கொடுத்தனுப்புகிற மாதிரி ஒன்று அடுத்ததிடம் கொடுக்க, செய்தி கரையிலுள்ள கொட்டகைக் கூரையில் வைத்த ஆன்டெனாவுக்கு வந்து, அங்கிருந்து இலக்கியாவுக்குப் போகும். தன் தகடு கெட்டது என்று தெரிந்தால், அந்தப் பெட்டி பொய்க் கணக்கு அனுப்பாமல் வாயை மூடிக்கொள்ளும். மற்றவற்றின் செய்தி வேறு வழியாகச் சுற்றி வரும்.

நாற்பது நாள் கணக்கை வியாழக்கிழமை ஆய்வுக் குழுவிடம் காட்ட வேண்டும். புதன்கிழமை காலை, முகம் வாடிப்போய் வந்து இறங்கினாள் இலக்கியா.

"என்னாடி, சாப்ட்டியா இல்லியா?"

"சாப்பாடு ஒன்னுதான் கொறச்சல். ஏழு பொட்டி ஊமையாப் போச்சுக்கா. என் புரோகிராம்லதான் எங்கியோ தப்பு. ரெண்டு வருஷ வேலய அழிச்சிட்டு மொதல்லேருந்து எழுதணும்."

"எது எது போச்சு?"

"ஒன்னு, ரெண்டு, மூனு திங்கக்கெழம. நாலு, அஞ்சு நேத்து. ஆறும் ஏழும் இன்னிக்கிக் காலைல."

திங்கட்கிழமை தீவனம் போடத் தெப்பத்தில் போனபோது முதல் பெட்டியைத் தூக்கிப் பார்த்தது அருள்மொழிதான். தகட்டில் கருப்பாக ஏதோ படிந்திருந்தது. சும்மா இருப்பாளா? அன்றைக்கு மூன்று, மறுநாள் இரண்டு, இன்று காலை இரண்டு என்று கைவைத்திருந்தாள். நோட்டை எடுக்காமல் இருந்தால் தங்கைக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் ரெண்டு வருஷ வேலை போய்விடும்.

எடுத்து வந்தாள்.

"மொதப் பொட்டி எத்தினி மணிக்குப் போச்சு?"

"ஆறு நாப்பது. ரெண்டாவது, ஆறு நாப்பத்தாறு."

நோட்டில் இருந்தது: '6.40 – 1 துடைத்தது. 6.46 – 2 துடைத்தது.'

"பாசி புடிச்சாப்ல கருப்பா இருந்துச்சுடி. தொடச்சதும் வெள்ளியாட்டம் பளிச்சுனு ஆச்சு."

"அடிப்பாவி அக்கா! அந்தக் கருப்புதான் என் ஆராய்ச்சியே!"

"அத ஏண்டி அழுக்கு கலர்ல பூசுன?"

இலக்கியா சிரிக்கவில்லை. நோட்டையும் லேப்டாப்பையும் பக்கத்தில் வைத்து ஏழு பெட்டிகளையும் ஒத்துப் பார்த்தாள். துடைத்த நிமிடத்திலேயே ஒவ்வொன்றும் வாயை மூடியிருந்தது. மூன்றாவது பெட்டி வழியாக வந்துகொண்டிருந்த ஒன்பதாவது பெட்டியின் செய்தி, மூன்று வாயை மூடிய நாலே நொடியில் எட்டாவது வழியாகச் சுற்றி வந்திருந்தது.

"புரோகிராம் சரியாத்தான்க்கா ஓடியிருக்கு," என்றாள் மெதுவாக. "நானா இப்பிடி ஒரு சோதன வெக்கணும்னா மனசு வந்திருக்காது. இந்த நோட்டு எனக்கு வேணும்."

வியாழன் மாலை போன் வந்தது.

"பொட்டிங்க பேசிக்கிற பகுதிய ஏத்துக்கிட்டாங்க. தகட மட்டும் புதுசாப் போட்டு, மறுபடியும் நாப்பது நாளு ஓட்டிக் காட்டச் சொல்லிட்டாங்க."

"நோட்டப் பாத்தாங்களா?"

"பாக்காம? நிமிஷம் போட்டு எழுதுன ஆளு யாருன்னு கேட்டாங்க. எங்கக்கான்னேன். தொடச்சது யாருன்னாங்க. அதுவும் எங்கக்காதான்னேன்."

அடுத்த வாரம் ஏழு தகடுகளும் மாறின. மறுநாள் காலை அருள்மொழி தெப்பத்தில் போய் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பார்த்தாள். துணியைக் கரையிலேயே விட்டிருந்தாள். பிறகு நோட்டில் எழுதினாள்: '6.40 – 1 கருப்பு. துடைக்கவில்லை.'