அபிலியோ பார்க்காத பத்து நிமிடங்கள்

எண்பதாவது நிமிடம் ஆனதும் அபிலியோ எழுந்துவிடுவார். மடியில் கிடக்கும் சூரியகாந்தி விதைத் தோலைத் தட்டி உதறுவார். நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கி வாசலுக்குப் போவார். ஐந்து கோல் முன்னால் இருந்தாலும் சரி, பின்னால் இருந்தாலும் சரி. மீதி ஆட்டத்தை மைதானத்தின் வெளிச்சுவரை ஒட்டி நடந்தபடி காதால் கேட்டு முடிப்பார்.

வயது எழுபத்தொன்று. முப்பத்தெட்டு வருடம் வால்தெசேரா என்ற சிற்றூரில் தபால்காரராக இருந்தவர். ஊர்க் கால்பந்துக் கழகத்தின் நூறு வருடச் சரித்திரத்தை எழுதுகிறவர் அவர்தான். யாரும் எழுதச் சொல்லவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவுமில்லை. ஆனால் இந்தச் சரித்திர ஆசிரியர் ஒரு ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. நெஞ்சு தாங்காது என்பார். முடிந்து வெளியே வருகிறவர்களை மடக்கி மடக்கி விசாரிப்பார். "யாரு அடிச்சது? எந்தக் கால்ல?" நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். எவன் குறைவாகக் குடித்திருக்கிறானோ அவன் சொன்னதை எழுதிக்கொள்வார்.

அதில் ஒரு முறை மானம் போனது. இடைவேளையில், உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல் நடத்துவது அங்கே வழக்கம். அன்று ஒலிபெருக்கி மக்கர் செய்ததால், ஆட்டம் முடியும் தறுவாயில்தான் பரிசு எண்ணைப் படித்தார்கள். பதினெட்டு வருடமாகச் சீட்டு வாங்கி ஒன்றும் விழாத ரொட்டிக்கடைக்காரருக்கு விழுந்தது. மைதானமே எழுந்து நின்று கத்தியது. சுவருக்கு வெளியே இருந்த அபிலியோ, எண்பத்தாறாவது நிமிடம், கோல் என்று எழுதி, விசாரிக்கக்கூடப் பொறுக்காமல் மாகாணப் பத்திரிகைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். மறுநாள் காலை பத்திரிகையில் வால்தெசேரா ஜெயித்திருந்தது. 'தொடைக் கோல்' என்று ஊரே இன்றைக்கும் அவரைச் சீண்டுகிறது.

நோட்டுப் புத்தகங்கள் மொத்தம் பதினேழு. மாவு ஆலைத் தொழிலாளிகள் 1925இல் தொடங்கிய கழகம். முதல் சட்டைகள் மாவுச் சாக்கில் தைத்தவை. ஆலையின் பெயர் எத்தனை தடவை துவைத்தும் முதுகில் இருந்து போகவில்லையாம். மேல்பிரிவுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறையும் அடுத்த வருடமே இறங்கினார்கள். 1936 ஜூலைக்குப் பிறகு மூன்று பக்கம் வெறுமையாக இருக்கிறது. அப்போது ஆடிய பதினொரு பேரில் உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஏழு பேர்தான் ஆடினார்கள். மற்ற நாலு பேரைப் பற்றிக் கேட்கப் போனால், தொண்ணூறு வயதுக்காரர்கள்கூட முதலில் சன்னலைச் சாத்தினார்கள், பிறகு பேச்சை மாற்றினார்கள்.

அந்த மூன்று பக்கத்தை எழுதாமல் விட்ட நாளிலிருந்துதான் தனக்கு இந்தப் பயம் என்கிறார் அபிலியோ. "தோக்குறது பழகிப்போச்சுப்பா. ஒரு நாள் சத்தமே இல்லாம காணாமப் போயிருவோமோன்னுதான் பயம்."

இந்த வருடம் அந்தப் பயத்துக்குத் தேதி குறித்துவிட்டார்கள். கழகம் இருப்பது தேசியக் கால்பந்துப் பிரிவுகளின் கடைசிப் படியில். ஏப்ரல் போய் மே பிறந்த சமயம் கூடிய உறுப்பினர் கூட்டத்தில், மருந்துக்கடைக்காரரான தலைவர் லெயாந்த்ரோ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "கீழ இறங்கினோம்னா சாவிய நகராட்சியில குடுத்துட்டு கழகத்த மூடிருவேன். எனக்கு முடியல. எடுத்து நடத்த ஆள் இருந்தா கையத் தூக்குங்க." ஒரு கையும் எழவில்லை. அபிலியோவின் கை மட்டும் பாதி எழுந்து, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. அன்று தன்மீது வந்த வெறுப்பை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

கடைசி ஆட்டம், மே மாத ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி. எதிரே பக்கத்து ஊர். சமன் செய்தால் போதும், தப்பிக்கலாம். காலையில் வைத்த பூண்டுச் சூப்பு வீட்டில் தொடாமல் ஆறிக் கிடந்தது. எண்பதாவது நிமிடம் வரை இரு பக்கமும் கோல் இல்லை. அபிலியோ எழுந்தார்.

வாசலில் சீட்டுக் கிழிக்கும் விசி, கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நகரு விசி."

"மாட்டேன்யா."

"மூச்சு முட்டுது எனக்கு."

"எனக்கு மட்டும் இனிக்குதா? போறதுன்னா போ. நோட்ட இங்க வெச்சுட்டுப் போ. கடைசிப் பக்கத்த நான் பாத்து எழுதிக்கிறேன். நீ வெளிய நின்னு எவனுக்கு பன்னித்தொடை விழுந்துச்சுன்னு கேட்டுக்க."

அபிலியோ நோட்டைக் கொடுக்கவில்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் பக்கம் திரும்பினார்.

பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பந்து தங்கள் கோல் பக்கம் வரும்போதெல்லாம் கம்பியை இறுக்கிப் பிடித்தார். எண்பத்தெட்டில் வால்தெசேராக்காரன் ஒருவனின் கால் எதிராளியை இடறியது, நடுவர் ஊதினார், பக்கத்து ஊருக்குப் பெனால்டி. கூட்டத்தில் விதை கொறிக்கும் சத்தமும் நின்றுபோனது. கண்ணை மூடிக்கொள்ள அவருக்கு ஆசையாக இருந்தது. மூடவில்லை. வலது காலால் அடித்த பந்து, கோல்கீப்பருக்கு இடப்பக்கம், தரையோடு தரையாக உள்ளே போனது.

அதோடு ஆட்டம் முடிந்தது, கழகம் கீழே இறங்கியது. விசி நாற்காலியை மடக்கி ஓரமாக வைத்தாள். தலைவர் லெயாந்த்ரோ சட்டைப்பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அபிலியோ யாரையும் மடக்கவில்லை. வேலிக் கதவைத் திறந்து, புல்லில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்த, பெனால்டி அடித்த பக்கத்து ஊர் ஆட்டக்காரனிடம் நேராகப் போனார். வார நாட்களில் சன்னல் கண்ணாடி மாட்டுகிறவன் அவன்.

"பேரு சவுல் ரெதோந்தோ. தெரியும். அம்மா வழிக் குடும்பப் பேரு?"

அவன் பயந்துபோய் எழுந்து நின்றான். "எதுக்குங்க பெரியவரே?"

"உங்க ஊர்ல ரெதோந்தோ ஒம்பது வீடு இருக்கு. அம்மா வழிப் பேரும் இல்லேன்னா, கடுதாசி மாதிரி இந்தக் கோலும் தப்பு வீட்டுக்குப் போயிரும்."

"குவெஸ்தா," என்றான். "மன்னிச்சிருங்க. உங்க கழகத்த மூடப்போறதா சொல்றாங்க."

"நல்லாத்தான் அடிச்ச. நானே பாத்தேன்."

அபிலியோ குந்தி உட்கார்ந்து, முழங்காலில் நோட்டை வைத்து எழுதினார். நிமிடம், கால், பக்கம், முழுப் பெயர். பிறகு எழுத்துப் பிழை இருக்கிறதா பார் என்று நோட்டை அவன் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.