ஐந்து சாவி போட்ட கம்பிக் கதவு

பகல் பதினொன்று நாற்பதுக்கு அத்தானின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. யாரோ ஒருவருடைய எரிந்துபோன சமையலறையில் நின்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் உட்காரட்டுமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது.

அத்தான் என் அக்காவின் கணவர். காப்பீட்டு நிறுவனத்தில், தீ விபத்து நடந்த வீடுகளைப் பார்வையிடும் வேலை. இருபத்தாறு வருடம் கரிந்த அறைகளுக்குள் போய், தீ எங்கே தொடங்கியது, எப்படிப் பரவியது என்று எழுதிக்கொடுத்தவர். அதன் பலனை எங்கள் குடும்பம் அனுபவித்தது. யார் வீட்டுக்குப் போனாலும் சார்ஜர், இஸ்திரிப் பெட்டி என்று சும்மா செருகிக் கிடப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் உட்காருவார். அதனால் 'பிளக் பிடுங்கி' என்று பெயர். வைத்தவன் நான்தான்.

அவருடைய தீராத கவலை சொந்த வீட்டு வாசலிலேயே இருந்தது: கம்பிக் கதவு. திருடனுக்குப் பயந்து அக்கா பட்டப்பகலிலும் அதை உள்ளே பூட்டிவைப்பாள்.

"தீப்பிடிச்சா எப்படிடீ வெளிய வருவீங்க?"

"பக்கத்து வீட்டுக்குத் திருடன் வந்தான். தீ யார் வீட்டுக்கு வந்துச்சு, சொல்லுங்க பார்ப்போம்."

"தீ சொல்லிட்டா வரும்?"

"திருடன் மட்டும் போன் பண்ணிட்டா வருவான்?"

கதவருகே சாவியை மாட்டினால் திருடன் குச்சியை விட்டு எடுத்துவிடுவானாம். சரியென்று அத்தான் வீட்டிலிருந்த ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு சாவி செய்துகொடுத்தார். எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று "தீ! தீ!" என்று கத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மகள் புத்தகப் பையைத் தரையில் கொட்டினாள். மகன் தன் சாவியை அக்காவிடம் கொடுத்திருந்தான். அக்கா இரண்டையும் பீரோவில் பூட்டி, பீரோ சாவியை எங்கள் அம்மாவிடம் கொடுத்திருந்தாள். அம்மா எதையும் யாருக்கும் தெரியாத இடத்தில் வைப்பவள். அந்த 'யாருக்கும்' என்பதில் அவளும் அடக்கம். அத்தானின் சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது, தர மறுத்துவிட்டார். கதவு திறக்கப் பத்தொன்பது நிமிடம். அதற்குள் அவர் எங்களையெல்லாம் எரித்து, அறிக்கையும் எழுதி முடித்திருந்தார். விருந்தாளியாகப் போயிருந்த நானும் அதில் கருகியிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, அதே கூடத்தில் அவரை ஐஸ் பெட்டியில் வைத்தோம். அந்தப் பெட்டி, இரண்டு மின்விசிறிகள், துக்கத்துக்கு வந்தவர்களின் ஒன்பது போன்கள், அத்தனையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். செருப்பு திருடுபோகும் என்று, எல்லாச் செருப்பையும் உள்ளே தள்ளிக் கம்பிக் கதவைப் பூட்டியிருந்தார் எங்கள் சித்தப்பா. மற்ற சாவிகள் வழக்கம்போல எங்கோ பத்திரமாக இருந்தன.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து புகை வந்தது. முப்பது பேரும் வாசலுக்கு ஓடினோம்.

"சாவி யாருகிட்ட?"

"சித்தப்பாகிட்ட!"

"அவரு எங்க?"

"குளிக்கறாரு!"

"சித்தப்பா, தீ! சீக்கிரம் வாங்க!"

"சோப்பு போட்டிருக்கேன்டா! ரெண்டு நிமிஷம்!"

அதுவரை அழுதுகொண்டிருந்த அக்காதான் எழுந்தாள். போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். பிறகு ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினாள். புகை அடங்கியது. சித்தப்பா ஈரத் தலையோடு வந்து கதவைத் திறந்தபோது அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆறு நிமிஷம்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் சித்தப்பா புத்தி சொன்னார். "ஆம்பளை இல்லாத வீடும்மா. இன்னொரு பூட்டும் சேர்த்துப் போட்டுடு."

அக்கா இருந்த பூட்டையும் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க சித்தப்பா."

இப்போது அந்தக் கதவைக் காப்பது ஒரு தாழ்ப்பாள். உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்கலாம். வெளியிலிருந்து கை எட்டாதபடி தகடும் உண்டு. இறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அத்தான் பொருத்தத் தொடங்கியது. துளை போடுகிற சத்தத்தில் டிவி கேட்கவில்லை என்று எல்லோரும் சேர்ந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு திருகாணிகளில் இன்றைக்கும் இரண்டுதான் முடுக்கியிருக்கிறது.