கோட்டைக் காவலர் குணாளன்

கண்ணாடிக் குவளையில் உப்புத் தண்ணீர். அதில் மிதக்கும் இருபது முகப் பகடையை விரலால் அமுக்கிவிட்டு, எந்த எண்ணோடு மேலே வருகிறது என்று குனிந்து பார்க்கிறார் குணாளன். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் பகடை ஒரு பக்கம் கனத்தது என்று அர்த்தம், குப்பைக்குப் போகும். வாரநாட்களில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தேறாத மின்னணுச் சில்லுகளைக் கழித்துக்கட்டுபவர், ஞாயிறு மதியம் கெலுகோர் வீட்டில் பகடைகளைக் கழித்துக்கட்டுகிறார்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதை வளர்க்கும் விளையாட்டு அது. கதையை நடத்துவதும், வழியில் எதிர்ப்படும் அரக்கன், அரசன், ஆயக்காரன் எல்லோராகவும் பேசுவதும் குணாளன் பொறுப்பு. எல்லோருக்கும் ஒரே குரல்தான்: தொழிற்சாலைப் பேருந்து புறப்படும் நேரத்தை ஒலிபெருக்கியில் சொல்லும் குரல். அரக்கன் சாகும்போதும் அதே. அவர் மேசையில் நடிக்கத் தடையில்லை. காரியம் ஆகுமா என்பதை மட்டும் பகடை சொல்லும். "அழுவறது உங்க இஷ்டம். நம்பர் அது இஷ்டம்" என்பது அவருடைய அரசியல் சாசனம். பிற மேசைகளில் கதை நடத்துபவர்கள் அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டி, தேவைப்பட்டால் ஒரு பொய் சொல்லி ஆளைக் காப்பாற்றுவார்களாம். குணாளன் பிஸ்கட் டின் மூடியில், ஊரறிய உருட்டுவார்.

இந்தச் சாசனத்துக்கு எதிர்க்கட்சி சலேஹா. மருந்துக் கடையில் அதிர்ந்து பேசாதவர், மேசைக்கு வந்தால் படகோட்டி மரகதம். போன வாரம் தோழியின் உயிருக்காகக் கொள்ளையர் தலைவனிடம் அவர் மன்றாடியதில், லிட்டில் இந்தியாவில் நகை விற்று மனசு மரத்துப்போன கோகிலனே மூக்கைச் சிந்தினான். பகடை மூன்று காட்டியது. தோழி செத்தாள். ஒலிபெருக்கி அடுத்த காட்சிக்குப் போய்விட்டது.

இன்று செருப்பைக் கழற்றும்போதே சலேஹா சொல்லிவிட்டார். "இன்னிக்கும் நான் பேசுனது காத்தோட போச்சுன்னா இனிமே வரமாட்டேண்ணே. உருட்டறதுக்கு நான் எதுக்குலா?"

அக்கா போனால் தானும் போவதாகவும், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் குவளையோடு பேசிக்கொள்ளலாம் என்றும் கோகிலன் தன் பங்குக்குச் சேர்த்தான். குணாளன் சிரிக்கவில்லை. அந்த வீட்டின் அழைப்புமணி வேறு கிழமைகளில் அடித்ததில்லை.

ஆட்டம் தொடங்கியது. புயல். மூடிய கோட்டைக் கதவு. உள்ளே மரகதத்தின் மகள் காய்ச்சலில் கிடக்கிறாள். கதவுக்கு உள்பக்கம் காவலன், அதாவது குணாளன். இம்முறை சலேஹா மன்றாடவில்லை.

"என்னைய உள்ள விட வேணாம். இடுக்குல கைய மட்டும் நீட்டறேன். அவ நெத்தியத் தொட்டுக்கறேன்."

கோகிலன் முறுக்கு மெல்லுவதை நிறுத்தினான்.

பத்துக்கு மேல் விழுந்தால் திறக்கும் என்று அறிவித்துவிட்டுக் குணாளன் பகடையை எடுத்தார்.

"இதுக்குக்கூடவாண்ணே?" என்றான் கோகிலன்.

உருண்டு நிற்பதற்குள் உள்ளங்கையால் மூடிவிட்டு, வாயில் வந்த எண்ணைச் சொல்லலாம். கண்டுகொள்ள ஆளில்லை, கண்டாலும் இருவரும் காணாதவர்களாகவே இருப்பார்கள். கை டின் மூடிவரை போய், திரும்பியும் வந்தது. உருட்டினார். தகரத்தில் தடதடத்து நின்றது.

நான்கு.

சலேஹா கைப்பையைத் தோளில் மாட்டினார்.

"கதவு திறக்காது தாயி," என்றார் குணாளன். ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது, குரல் நடுவில் உடைந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எனக்கு உத்தரவு இல்ல. கைய அங்கேயே வையி. மரக்கதவுதான்... சூடு இந்தப் பக்கம் வரும்."

காற்றில் உள்ளங்கையைப் பதித்து நின்றார். சலேஹா கையை உயர்த்தினார். பை முழங்கைக்குச் சரிந்தது. இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு பலகை கனம் இடைவெளி. கதவு திறக்கவில்லை, சாசனத்துக்குக் கீறல் இல்லை.

பிறகு குணாளன் விரல்களை மெல்ல மடக்கி, அந்தக் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சோபாவை நோக்கிக் காற்றுக்கு மறைத்து மறைத்து நடந்தார். அங்கே மண்டியிட்டு, கிடந்த தலையணையின் மேல், மரகதத்தின் மகள் தூக்கம் கலைந்துவிடாதபடி, கையை விரித்து வைத்தார்.