பிள்ளைகள் தூங்கும் நேரத்துக் கூட்டம்

இந்த வருடம் நடந்தவை:

1. ஜனவரியில் கொழும்பில் வாடகைக்கு இருந்த போடிங் அறையைக் காலி செய்துவிட்டு, கொட்டகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன்.
2. வீட்டிலிருந்தே வேலை செய்யக் கம்பனி அனுமதித்தது. ஒரு வருடத்துக்கு மட்டும்.
3. பூனை சார்ஜர் வயரைக் கடித்தது.
4. மழை பிடித்துக்கொண்டது.
5. என் அலுவலகக் கூட்டம் பிள்ளைக் காம்பராவுக்கு மாறியது.
6. எனக்குத் தன்னம்பிக்கை போதாது என்று மேலாளர் சொன்னார்.

மூன்றாவதைத் தவிர மற்றவை எல்லாம் ஒன்றோடு ஒன்று தொடர்புடையவை.

மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. ஒரு பொத்தானை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும், உண்மையில் என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதுவேன். இரண்டும் பொருந்தினால் அடுத்ததுக்குப் போவேன். டிசம்பர் கடைசியில் வருடத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். போன டிசம்பரில் நான் எழுதி வைத்த எதிர்பார்ப்பு ஒன்றே ஒன்று: வீட்டில் இருக்க வேண்டும்.

அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கொழும்பில் வேலை பிடித்திருந்தது, அறை பிடிக்கவில்லை. அங்கே மாலையில் கதவைச் சாத்தினால் மறுநாள் காலைவரை யாரோடும் பேச்சில்லை. இங்கே அம்மா மலையிலிருந்து கொழுந்து பறித்துவிட்டு வந்து, கால் கழுவும்போதே அன்றைய கதையை ஆரம்பித்துவிடுவார். எனக்கு அந்தக் கதை வேண்டியிருந்தது.

மே மாதம்வரை பிரச்சினை இல்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கூரை தகரம். மழை பெய்யும்போது பக்கத்தில் நிற்பவரோடு பேசவே கத்த வேண்டும். நான் மைக்கைத் திறந்தால் கொழும்பில் இருப்பவர்களுக்கு மழை மட்டும்தான் கேட்டது. கூரைக்கு அடியில் கம்பளி கட்டிப் பார்த்தேன். அம்மா பகல் சாப்பாட்டுக்கு வந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் பாப்பா, கூரைக்கும் குளுருதா?"

கம்பளி பயன்படவில்லை. தோட்டத்தில் மழைச் சத்தம் அடங்கும்படி சீலிங் அடித்த கட்டடங்கள் சிலதான். அவற்றில் எங்கள் லயத்துக்குக் கிட்ட இருப்பது பிள்ளைக் காம்பரா. தாய்மார் மலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம். அதைப் பார்த்துக்கொள்ளும் அத்தை என்னையும் அங்கே வளர்த்தவர். தோட்ட ஆபீசில் அனுமதி வாங்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

"மூலையில ஒக்காந்துக்கிறேன் அத்தை. ஒரு மணித்தியாலம் போதும்."

"காலையில வந்தியன்னா எம் புள்ளைங்க ஒன் பொட்டிய ஒடச்சிருவாங்க. சாப்புட்டுத் தூங்குற நேரத்துல வா."

"சரி அத்தை."

"சும்மா ஒக்கார முடியாது. தொட்டில ஆட்டிக்கிட்டே பேசு. நீ இங்க இருந்தப்ப ஒரு நா தூங்குனதில்ல. ஒன்ன ஆட்டி ஆட்டி என் கைதான் போச்சு. அந்தக் கடன அடை."

எங்கள் குழுவின் கூட்டம் காலையில் நடந்துகொண்டிருந்தது. பகல் ஒன்றரைக்கு மாற்ற முடியுமா, அந்த நேரத்தில்தான் இங்கே அமைதி என்று கேட்டேன். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஏன் அமைதி என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேமராவில் என் பின்னணியை மங்கலாக்கி வைப்பது எனக்கு வழக்கம். அதனால் வரிசையாகத் தொங்கிய சேலைத் தொட்டில்கள் அவர்களுக்கு வெறும் வண்ணக் கறைகளாகத் தெரிந்திருக்கும்.

இடது கையால் தொட்டில் கயிற்றை இழுத்தபடி வலது கையால் சுட்டியை நகர்த்தக் கற்றுக்கொண்டேன். பேசும்போது குரலை இறக்கிக்கொண்டேன். மழைக்காலம் முழுதும் அப்படியே போயிற்று. வேலையில் குறை வரவில்லை.

நவம்பரில் வருட மதிப்பீடு வந்தது. அதையும் மேலாளர் ஒன்றரைக்கே வைத்தார். அவர் சிங்களப் பெண், நிதானமானவர், எதையும் சுற்றி வளைக்காதவர். என் அறிக்கைகள் தெளிவாக இருக்கின்றன என்றார். பிறகு, "ஆனால் நீங்கள் பேசும்போது பயந்து பேசுவதுபோல் இருக்கிறது. சொல்வதில் உங்களுக்கே நம்பிக்கை இல்லாததுபோல. தூரத்தில் இருந்தால் இது கூடிக்கொண்டே போகும். அடுத்த வருடம் கொழும்புக்கு வந்துவிடுவது உங்களுக்கு நல்லது என்று நினைக்கிறேன்" என்றார்.

இல்லை என்று உரக்கச் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்துத் தொட்டில் அசைந்தது. குரல் தானாக இறங்கிவிட்டது. அந்த இறங்கிய குரலில் நான் சொன்ன 'இல்லை' அவர் சொன்னதற்கே சாட்சியாகப் போய்விட்டது.

பின்னணி மங்கலை நிறுத்தினேன். மடிக்கணினியைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டினேன். தொட்டில்கள், பாயில் ஒன்றின்மேல் ஒன்று கால் போட்டுத் தூங்கியவர்கள், பால் போத்தல்கள்.

"இதெல்லாம் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒலிபெருக்கியிலிருந்து சத்தமாக வந்தது.

அத்தை பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "யாருடி அது? புள்ளைங்க எந்திரிச்சா அந்தம்மாவா வந்து ஆட்டப் போறாங்க? மெதுவாப் பேசச் சொல்லு."

அதை அப்படியே சிங்களத்தில் மொழிபெயர்த்தேன். மேலாளர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு கிசுகிசுப்பாகச் சிங்களத்துக்கு மாறி, தங்கையை அழைப்பதுபோல் அழைத்தார்.

"நங்கி, இத்தனை மாதமும் இங்கேயா?"

"மழை தொடங்கியதிலிருந்து."

குரல் ஏன் இறங்கியது என்று இப்போது புரிகிறது என்றார். ஆனாலும் முடிவை உடனே மாற்றிவிடவில்லை. பிள்ளைகள் இல்லாத நேரம் எது என்று கேட்டார். மாலையில், தாய்மார் வந்து கூட்டிப்போன பிறகு என்றேன். அடுத்த நாள் மாலை வாடிக்கையாளருக்குச் சோதனை முடிவுகளை நானே விளக்க வேண்டும், அதைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். நியாயமான சோதனைதான்.

மறுநாள் வெறும் தொட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசினேன். எந்தப் பிழையைத் திருத்தியாக வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம், ஏன் தள்ளிப்போடலாம். வாடிக்கையாளர் ஓரிடத்தில் மறுத்தார், நான் விட்டுக்கொடுக்கவில்லை. முடித்து நிமிர்ந்தபோது அத்தை விளக்குமாற்றோடு வாசலில் நின்றார்.

"என்னாடி, யாரோட சண்ட? லயம் வரைக்கும் கேக்குது."

அந்த வாரக் கடைசியில் மேலாளரின் மின்னஞ்சல் வந்தது. கொழும்புக்கு வரவேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் ஒரு வேடிக்கை. நான் சொல்லாமலே எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். பின்னணியை நான் மறுபடி மங்கலாக்கவில்லை. ஒருவர் கூட்டம் முடியும்போது, இரண்டாவது தொட்டிலில் இருப்பவர் இன்று வரவில்லையா என்று கேட்டார். தடிமன், மூக்கு ஒழுகுகிறது, வீட்டில் இருக்கிறான் என்றேன்.

அடுத்த வருடத்துக்கு: மே மாதத்துக்கு முன் முன்னறைக்குச் சீலிங் அடிக்க வேண்டும். தானியங்கிச் சோதனைப் பயிற்சியைப் பாதியில் விட்டிருக்கிறேன், அதை முடிக்க வேண்டும். எங்கே இருந்து பேசுகிறேன் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அம்மாவிடமும் கேட்டேன்.

"அடுத்த வருசத்துக்கு நீ என்னம்மா நெனச்சிருக்க?"

"அந்தப் பூனைய வெரட்டணும்."

எழுதிக்கொண்டேன்.

இன்றைய நிலை: அனுமதி அடுத்த டிசம்பர்வரை நீண்டிருக்கிறது. சீலிங் இன்னும் அடிக்கவில்லை. பூனை அடுப்பங்கரையில் தூங்குகிறது. விடுமுறை முடிந்ததும் கூட்டம், வழக்கம்போல் பகல் ஒன்றரைக்கு, பிள்ளைக் காம்பராவில்.